பக்கத்தில் போன வல்லம் பார்க்காமல் போயிருக்க முடியுமா?

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சித்தப்பா ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாவுக்கு, மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். பொழுது சாயும் நேரத்தில் அடித்த காற்றில் வல்லம் (நாட்டுப்படகு) கவிழ்ந்து, ராத்திரி முழுக்க ஒரு காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்திருக்கிறார். விடிந்தபின் இரண்டு வல்லங்கள் அடுத்தடுத்து அவரைக் கடந்து போயிருக்கின்றன. கையை ஆட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார், இரண்டும் நிற்கவில்லை. மதியம் வேறொரு படகு அவரைத் தூக்கிக் கரை சேர்த்தது. அந்த இரண்டு வல்லக்காரர்களும் "சத்தியமாகப் பார்க்கவில்லை" என்கிறார்கள். ஊர் நம்பவில்லை. பழைய வலைத் தகராறை மனதில் வைத்து வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார்கள் என்று பேச்சு. "பட்டப்பகலில், கூப்பிடு தூரத்தில், கண் நன்றாகத் தெரிகிற, இருபது முப்பது வருடம் கடலில் கிடந்த ஆட்கள் ஒரு மனிதனைப் பார்க்காமல் போக முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கண்ணைப் பற்றி இருந்தாலும், அவர்கள் சொல்வது பொய்யா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது என்று புரிகிறது.

நான் படித்ததும் வேலை பார்ப்பதும் மனிதப் பார்வை, கவனம் பற்றிய ஆய்வில். ஆட்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, எதையாவது தேடச் சொல்லி, கண் எங்கெங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்வது எங்கள் அன்றாட வேலை. பிறந்த ஊர் மண்டபம் பக்கம் என்பதால் நீங்கள் சொல்லும் கடலும் தெரியும். நேராகவே சொல்கிறேன்: பார்க்காமல் போயிருக்க முடியும், தாராளமாக. அவர்கள் உண்மையிலேயே பார்க்கவில்லையா என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. அந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெறும் அளவுக் கணக்கு. தண்ணீரில் மிதக்கும் ஆளின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அதை 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண் டாக்டரிடம் 6 மீட்டர் தூரத்தில் அட்டையை வைத்துப் படிக்கச் சொல்வார்களே, அதில் 6/6 பார்வைக்கான வரியில் உள்ள எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 20 சென்டிமீட்டர் தலை, ஏறத்தாழ 140 மீட்டர் தூரத்தில் அந்த எழுத்தின் அளவுக்குத்தான் கண்ணில் விழும். 300 மீட்டருக்குப் போனால் அதில் பாதிகூட இல்லை. அட்டையில் இருக்கும் எழுத்து வெள்ளையில் கறுப்பு, வெளிச்சம் போட்டு, அசையாமல், "இதைப் படி" என்று காட்டப்படுவது. தலை அப்படியா? நனைந்த கறுப்பு முடி, பின்னால் கறுத்த தண்ணீர். அதுவும் விட்டுவிட்டுத்தான் தெரியும். வல்லத்தில் நிற்பவரின் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தால், 300 மீட்டர் தள்ளி இருக்கும் தலைக்குப் போகும் பார்வைக்கோடு கடைசிப் பத்து மீட்டரில் தண்ணீரை ஒட்டி ஓரடிக்கும் குறைவான உயரத்தில்தான் போகிறது. இடையில் அரை மீட்டர் அலை ஒன்று எழுந்தால் தலை மறைந்துவிடும். வடகடல் ஆழம் குறைந்த கடல். காற்று பிடித்தால் அலை பெரிதாக எழாவிட்டாலும் நெருக்கமாக, குத்துக் குத்தாக வரும். உங்கள் சித்தப்பா அலை முகட்டில் ஏறி நின்ற சில நொடிகளில்தான் அவரைப் பார்க்கவே வழி இருந்திருக்கும்.

அந்தச் சில நொடிகளில் பார்ப்பவரின் கண்ணும் சரியாக அங்கே இருந்திருக்க வேண்டும். இங்கேதான் என் துறை வருகிறது. நமக்கு முன்னால் இருப்பதெல்லாம் ஒரே தெளிவில் தெரிவதாக நினைக்கிறோம், ஆனால் கண் அப்படிப்பட்ட உறுப்பு இல்லை. விழித்திரையின் நடுவில் உள்ள சின்னக் குழி ஒன்றில்தான் நுணுக்கமான பார்வை. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த விரலின் அகலம் ஏறத்தாழ இரண்டு பாகை. துல்லியமாகப் பார்க்கும் பரப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல், அசைவும் பளிச்சென்ற ஒளியும் மட்டும் ஓரளவு பிடிபடும். மங்கலை ஈடுகட்டக் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. வல்லத்தின் ஒரு பக்கத்தில் முன்னிருந்து பின்வரை 180 பாகை. விரல் அகலத்துக்கு ஒரு இடம் என்று வைத்தால் ஒரு வரிசைக்கு 90 இடம். ஒவ்வொன்றிலும் கண் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நின்றால்கூட வரிசைக்கு 30 நொடி. கிட்டே, நடுவில், தொலைவில் என்று மூன்று வரிசை பார்த்து முடிக்க ஒன்றரை நிமிடம். ஏழு நாட் (மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடும் வல்லம் அதற்குள் 300 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அதாவது, வேறு எந்த வேலையும் இல்லாமல், இமை கொட்டாமல், ஒழுங்காக வரிசை பிடித்துத் தேடும் ஆள்கூட ஒரு இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மறுமுறை அங்கே வருவதற்குள் படகு அந்த இடத்தைத் தாண்டிவிடும். அப்படி யாரும் தேடுவதில்லை. ஒருவர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் வலையைச் சரி செய்துகொண்டிருப்பார்.

"ஓரப்பார்வையில் கை ஆடுவது தெரிந்திருக்குமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆன் டிரீஸ்மன், கேரி கெலாட் இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தத் துறையில் உறுதியாக நிற்கும் விஷயம் இது: சுற்றியிருப்பவற்றிலிருந்து நிறம் போன்ற ஒரே ஒரு அடிப்படைத் தன்மையில் வேறுபடும் பொருள், எத்தனை பொருள்களுக்கு நடுவே இருந்தாலும் தானாக எடுப்பாகத் தெரியும். சுற்றிலும் உள்ளவற்றோடு தன்மைகளைப் பகிர்ந்துகொள்ளும் பொருளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அசைவும் அப்படி எடுத்துக் காட்டும் தன்மைதான், சுற்றியிருப்பவை அசையாதவரை. காலைக் கடலில் அசையாதது எது? ஒவ்வொரு அலையும் ஏறி இறங்குகிறது, வெயில் பட்டு மினுங்குகிறது. நடுவில் ஒரு கை ஏறி இறங்கினால் இன்னொரு அலைபோலத்தான் இருக்கும். சூரியன் இருந்த பக்கம் அவர் மிதந்திருந்தால் கண்கூச்சம் வேறு. ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று இருந்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

அவர் பிடித்திருந்த கேன்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அந்தக் கடலில் காலி கேன் என்றால் என்ன அர்த்தம்? வலை மிதவை. கேனும் தெர்மோகோல் துண்டும் கொடி கட்டிய கம்பும் எங்கே பார்த்தாலும் மிதக்கும். அந்த வல்லக்காரர்கள் தினமும் அவற்றைக் கடந்துதான் போகிறார்கள், வலையில் சிக்காமல் ஒதுங்கிப் போகப் பழகியவர்கள். வெள்ளைக் கேனும் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளியும் கண்ணில் பட்டால், "யாரோ வலை போட்டிருக்கிறார்கள்" என்று மூளை முடிவு கட்டிவிட அரை நொடி போதும். அது யோசித்து எடுத்த முடிவாகக்கூட மனதில் பதியாது. கண் அதன்மேல் நின்றிருக்கும். ஆள் பார்த்திருக்க மாட்டார்.

இது நம்பக் கடினமான விஷயம் என்பது தெரியும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனை முடிந்ததும் சிலருக்கு அவர்களுடைய கண்ணசைவுப் பதிவையே போட்டுக் காட்டுவோம். அவர்கள் "இல்லை" என்று பதில் சொன்ன படத்தில், தேடச் சொன்ன பொருளின் மேலேயே சிவப்புப் புள்ளி வந்து நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். ஒருவர் பதிவில் ஏதோ கோளாறு என்று எழுந்துவந்து கருவியையே சோதிக்கச் சொன்னார். கருவி சரியாகத்தான் இருந்தது.

இதற்கு மிகவும் பேசப்பட்ட சான்று 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் சகாக்களும் செய்த ஆய்வு. நுரையீரல் சி.டி. ஸ்கேனில் சிறு கட்டிகளைத் தேடும் வேலையை 24 கதிரியக்க மருத்துவர்களுக்குக் கொடுத்தார்கள். கடைசி ஸ்கேனில் ஒரு கொரில்லாவின் படத்தைச் செருகி வைத்திருந்தார்கள், சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண்ணசைவைப் பார்த்தால், கவனிக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கொரில்லா இருந்த இடத்தை நேராகவே பார்த்திருந்தார்கள். இதற்கு முன்பே, 1999இல், டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டஃபர் சாப்ரிஸும் பந்து விளையாட்டுக் காட்சியில் கொரில்லா வேடமிட்ட ஆளை நடக்கவிட்டு, பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அதைப் பார்க்கவில்லை என்று காட்டியிருந்தார்கள். ஆனால் மருத்துவர்கள் ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கம். "அனுபவசாலி எப்படித் தவறவிட முடியும்?" என்றல்லவா கேட்கிறீர்கள்? அந்த மருத்துவர்கள் கட்டிகளைப் பிடிப்பதில் சாதாரண ஆட்களைவிட மிகமிகத் திறமையானவர்கள். பிடிபடாதது தேடாத பொருள்.

கடலோடியின் கண்ணும் அப்படித்தான். பறவை தாழ்ந்து விழும் இடம், தண்ணீர் நிறம் லேசாக மாறும் இடம், காற்றில்லாமலே மேற்பரப்பு சிலிர்க்கும் இடம் என்று மீன் கூட்டத்தை நமக்குத் தெரிவதற்கு வெகுமுன்பே சொல்லிவிடுவார்கள். விழியின் கூர்மையால் அல்ல. எங்கே பார்க்க வேண்டும், கண்ணில் பட்டதற்கு என்ன பொருள் என்று வருடக்கணக்கில் கற்றதால் வருவது. ஹெரால்ட் குண்டல், கால்வின் நோடின் இருவரும் 1975இல் தேர்ந்த மருத்துவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே படத்தை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டியபோது, 70 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கண்ணை ஒருமுறைகூட நகர்த்த நேரமில்லாத அவகாசம் அது. ஆனால் இத்தகைய திறமை கற்ற விஷயத்தோடு ஒட்டியே நிற்கிறது. மீனுக்கும் வலைக்கும் பழகிய கண், மிதக்கும் மனிதத் தலைக்குத் தானாகப் பழகிவிடாது. வாழ்நாளில் எத்தனை முறை ஒருவர் அதைப் பார்த்திருக்கப்போகிறார்?

அரிதாக வருவது தவறிப்போகும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஜெரமி உல்ஃபும் சகாக்களும் 2005இல் செய்த ஆய்வில், விமான நிலையப் பைச்சோதனை போன்ற படங்களில் பாதிக்குப் பாதி தேடும் பொருள் இருந்தபோது 7 சதவீதம்தான் தவறவிட்டார்கள். நூறில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம் தவறிப்போனது. ஆட்கள் அவர்களே, பொருளும் அதுவே. வருவது அரிது என்று மனம் கற்றுக்கொண்டதும் "இல்லை" என்று சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிறது. அந்த இரண்டு வல்லங்களும் தேடப் போகவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கவிழ்ந்த செய்தி அவர்களுக்கு எட்டியிருக்கவில்லை. அவர்கள் கணக்கில் அங்கே மனிதன் இருப்பதற்கான வாய்ப்பு நூறில் ஒன்றுகூட இல்லை.

தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதை ஒப்புக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதவியலாளரும் அவர் குழுவும் கடலில் தேடுவதற்கான கணக்கை உருவாக்கினார்கள். 1946இல் அது அறிக்கையாகத் தொகுக்கப்பட்டது. ஒரு பொருள் இருக்கும் இடத்தைக் கடந்து போவதும் அதைக் காண்பதும் ஒன்றல்ல என்பதே அதன் அடிப்படை. எவ்வளவு தூரத்தில், எந்த அலையில், எந்த வெளிச்சத்தில் கடந்தால் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவார்கள். தேடி முடித்த பகுதியை அழித்துவிடாமல் "இங்கே இருக்கும் வாய்ப்பு குறைந்திருக்கிறது" என்று குறித்துக்கொண்டு தேவைப்பட்டால் மறுபடி தேடுவார்கள். மண்டபத்துக் கடலோரக் காவல்படை போன்றவர்கள் பயன்படுத்தும் மீட்புத் திட்டமிடல் முறைக்கு வேர் இந்தக் கணக்குதான். பயிற்சி பெற்று, அதற்கென்றே போகிறவர்களே தவறவிடுவார்கள் என்பது அந்த முறைக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் சித்தப்பா சொல்வதையும் நான் முழுசாக நம்புகிறேன். எஞ்சின் பிடித்தவரின் சட்டை நிறம்கூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்கிறீர்கள், இருக்கும். அவர் வானத்தை முதுகாக வைத்து நின்ற ஒரு வல்லத்தைப் பார்த்தார். எட்டு ஒன்பது மீட்டர் நீளம், எஞ்சின் சத்தத்தோடு வருவது, உயிரையே அதில் வைத்துப் பார்த்த பார்வை. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இருட்டான தண்ணீரின் மேல் இருட்டான ஒரு புள்ளி. "எனக்கு அவர்கள் தெரிந்தார்கள், அவர்களுக்கு நான் தெரிந்திருக்க வேண்டும்" என்று தோன்றுவது இயல்பு, ஆனால் இந்த இரண்டு பார்வையும் சமம் இல்லை. அவர் கத்தியது எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது. தூரத்தைப் பற்றியும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. தண்ணீர் மட்டத்தில் கண் இருக்கும்போது இடையில் அளவு பார்க்க ஒன்றும் இல்லை, ஆகவே "கூப்பிடு தூரம்" என்பது 50 மீட்டராகவும் இருக்கலாம், 250ஆகவும் இருக்கலாம்.

இதுவரை சொன்னவற்றில் கண்ணின் அமைப்பு, அளவுக் கணக்கு, பார்த்தும் காணாமல் போவது ஆகியவற்றில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 7, 30 போன்ற எண்கள் திரைக்கு முன்னால் உட்கார்ந்த ஆட்களிடம் எடுத்தவை. அதே அளவில் கடலுக்குப் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். போக்கு பொருந்தும், எண் பொருந்தாமல் போகலாம். வெறும் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணின் குவியம் தானாகக் கிட்டத்துக்கு வந்துவிடும் என்பார்கள். மேகத்துக்குள் பறக்கும் விமானிக்கு அது உண்மை. அலையும் அடிவானமும் தெரியும் பகல் கடலில் அது எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம். கடலோர மக்களுக்குப் பிறவியிலேயே கண் கூர்மை என்று சிலர் இங்கே எழுதியிருந்தார்கள். தாய்லாந்து, பர்மா கடலில் வாழும் மோக்கன் இனக் குழந்தைகள் தண்ணீருக்கடியில் ஐரோப்பியக் குழந்தைகளைப்போல் இருமடங்குக்கும் மேல் தெளிவாகப் பார்த்ததை ஆனா ஜிஸ்லன் 2003இல் வெளியிட்டார். பிறகு ஸ்வீடன் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் அவர்களுக்கும் அது வந்துவிட்டது. கண்ணின் பாப்பாவைச் சுருக்கி, குவியத்தை மாற்றப் பழகிக்கொண்டதுதான் காரணம். பிறவி என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

ஒருவர் மனதில் வஞ்சம் இருந்ததா என்பதைக் கண்ணைப் பற்றிய எந்த ஆய்வும் சொல்லாது. நான் சொல்லக்கூடியது இதுதான்: "இவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்காமல் இருக்கவே முடியாது, ஆகவே பொய்" என்ற வாதம் நிற்காது. வேறு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் இருந்தது? வல்லத்தில் எத்தனை பேர், என்ன செய்துகொண்டிருந்தார்கள்? வல்லம் வேகம் குறைத்ததா, அவர் பக்கம் திரும்பியதா, யாராவது எழுந்து நின்று பார்த்தார்களா? அப்படி ஏதாவது நடந்து அதன்பிறகும் போயிருந்தால் நான் எழுதியது எதுவும் அவர்களைக் காப்பாற்றாது. நேர்கோட்டில், ஒரே வேகத்தில் போய்விட்டது என்றால், காணவில்லை என்பதையே நான் முதலில் நம்புவேன். உங்கள் கேள்வியில் "திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஊர்க்கூட்டத்தில் குற்றமாகச் சொல்கிறார்கள்; எனக்கு அது எதிர்ப்பக்கம் சாயும் சாட்சியாகத் தெரிகிறது.

அடுத்தமுறை இப்படி நடக்காமலிருக்கச் செய்யக்கூடியது நிறைய. வல்லத்தில் ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவைச் சட்டை, அதில் நூல் கட்டிய விசில். உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்று. வெயிலில் அதன் பளிச்சைப்போலக் கண்ணைத் திருப்புவது வேறில்லை. கேன் வைத்திருந்தால் அதில் ஆரஞ்சுத் துணி கட்டி வையுங்கள், மிதவை என்று நினைத்து ஒதுங்க மாட்டார்கள். தேடப் போகும்போது பக்கத்துக்கு ஒருவராக நிறுத்தி, அவருக்கு வேறு வேலை கொடுக்காமல், கண்ணை ஓடவிடாமல் இடம் இடமாக நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அரைமணிக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும். நார்மன் மெக்வொர்த் 1948இல், ரேடார் பார்ப்பவர்களுக்காகச் செய்த ஆய்வில், முதல் அரைமணியிலேயே கவனிப்பு சரியத் தொடங்குவதைக் கண்டார். ராத்திரியில் என்றால் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும்; நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்து பார்த்தாலும் அது கெடும். காணாமல்போன செய்தி தெரிந்த உடனே 1554க்கு அழையுங்கள், அது கடலோரக் காவல்படையின் இலவச எண். தேடும் பரப்பு மணிக்கு மணி விரிந்துகொண்டே போகும் என்பதால் "விடியட்டும், வந்துவிடுவான்" என்று காத்திருக்கக் கூடாது.

அந்த வல்லக்காரர்களைக் கண் பரிசோதனைக்கு அனுப்பிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தச் சம்பவத்துக்கு அதில் விடை கிடைக்காது, 6/6 வந்தாலும் நான் சொன்னது மாறாது. ஆனால் அவர்களுக்காகவும் உங்கள் சித்தப்பாவுக்காகவும் அதைச் செய்யுங்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் இருப்பவர்களுக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்வது அதிகம். நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கும் கண்புரை, அட்டையில் எழுத்தைப் படிக்கவிடும், சூரியன் எதிரே இருக்கும்போது மட்டும் பார்வையைக் கெடுக்கும். ஆகவே டாக்டரிடம் "எழுத்து தெரிகிறது" என்பதோடு நிறுத்தாமல், கூச்சம் எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள், அவர்களையும் அழைத்துப் போகலாம்.